சுவரில் ஒட்டிய மூன்று மில்லிகிராம்

ஞானம் அக்காவுக்குப் பொய் சொல்லப் பழக்கியது நான்தான். கதையைத் தொடங்குமுன் அதைச் சொல்லிவிட வேண்டும். பிறகு யாராவது, "அஜிதா, இதில உம்முடைய பங்கு என்ன?" என்று கேட்டால் முழித்துக்கொண்டு நிற்க எனக்கு விருப்பமில்லை.

அவருடைய முழுப்பெயர் ஞானாம்பிகை. பதினாறு வருடம் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் குளிசைப் போத்தல்களுக்கு மூடி பூட்டியவர். அந்தத் தொழிற்சாலையை ஒரு நாள் மூடிவிட்டார்கள். ஐம்பது வயதில் வேலை போனால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? பேரப்பிள்ளை பார்ப்பார்கள், இல்லாவிட்டால் நாடகம் பார்ப்பார்கள். அக்கா மாலை வகுப்புக்குப் போனார். தன் மகளைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் இருந்து, பிரெஞ்சில், ஆய்வுகூட வேலை படித்தார். யாழ்ப்பாணத்தில் இரசாயனவியலில் கெட்டிக்காரியாம். பல்கலைக்கழகத்துக்குப் போகிற வயதில் சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடியதில் எல்லாம் விட்டுப்போனது. இரண்டு வருடம் படித்துச் சான்றிதழ் எடுத்துப் பதினோரு இடத்துக்கு விண்ணப்பித்தார். கூப்பிட்டது ஒரே ஓர் இடம். மொன்றியலில், சென்ட் லோரன்ட் பகுதியில் நான் வேலை செய்கிற ஆய்வுகூடம்.

நாங்கள் அங்கே சோதிப்பது கஞ்சா கலந்த பானங்களை. முகத்தைச் சுளிக்காமல் கேளுங்கள். கனடாவில் அது சட்டப்படி விற்கிற சாமான். அரசாங்கக் கடையில் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். பானம் அடைத்த அலுமினிய ரின்னில் பத்து மில்லிகிராம் என்று லேபிளில் அச்சடித்திருந்தால், உள்ளே பத்து இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. அங்கே யாரும் புகைப்பதில்லை, யாரும் தள்ளாடுவதில்லை. வெள்ளை மேலங்கி, கையுறை, கண்ணாடிக் குப்பிகள் என்று ஆஸ்பத்திரி மாதிரித்தான் இருக்கும்.

முதல் நாளே சாப்பாட்டு அறையில் அக்கா என் பக்கத்தில் வந்து குந்தினார். தமிழ் முகத்தைக் கண்ட ஆறுதலில், வீட்டுக்காரர் வாடகைக் கார் ஓட்டுகிறவர் என்பது வரை எல்லாம் சொன்னார். புட்டைப் பிசைந்துகொண்டு மெதுவாகக் கேட்டார்.

"கோயில்ல கேப்பினம், அஜி. என்னெண்டு சொல்லுறது?"

"சோடாக் கொம்பனியில தரம் பாக்கிற வேலை எண்டு சொல்லுங்கோ அக்கா. பொய்யில்லைத்தானே? சோடாதானே பாக்கிறம்?"

"இவருக்கு?"

"அவருக்கும் அதையே சொல்லுங்கோ. அண்ணை ரக்சி ஓடுறவர். நாலு பேரோட கதைக்கிறவர். ஒரு கிழமையில மொன்றியல் முழுக்கத் தெரிஞ்சிடும்."

அக்கா ஒரு வாய் புட்டை வைத்துக்கொண்டு, "ஓம், அதுதான் சரி" என்றார். எனக்குப் பெரிய புத்தி சொல்லிவிட்ட பெருமை. விசர், வேறென்ன.

அவருடைய கணவர் இரவிச்சந்திரனை நான் ரவி அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். இருபத்தாறு வருடம் ரக்சி ஓட்டியவர். குடி இல்லை, சிகரெட் இல்லை, வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் இல்லை. சென்ட் மிஷேலில் மூன்றாம் மாடியில் இருந்தார்கள். வெளிப்படிக்கட்டில் கீழ்வீட்டுப் பெடியன் எதையாவது பற்றவைத்தால் அண்ணை யன்னலை அடித்துச் சாத்துவார். "கோதாரி விழுந்த மணம்" என்பார். அப்படிப்பட்ட மனிதரிடம் போய், நான் நாள் முழுக்க அதற்குள்தான் நிற்கிறேன் என்று எந்த மனைவி சொல்வாள்? அக்கா சொல்லவில்லை. தலையில் மணம் ஒட்டாவிட்டாலும், வீட்டுக்குப் போனவுடன் முழுகிவிட்டுத்தான் குசினிக்குள் போவார்.

வேலையில் அக்காவைப் போல் இன்னோர் ஆளை நான் கண்டதில்லை. கஞ்சாச் சத்து எண்ணெய்ச் சாமான், தண்ணீரில் கரையாது. பால் மாதிரி நுண்ணிய துளியாக்கிக் கலந்துதான் ரின்னில் அடைப்பார்கள். வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தால் மேலே ஓர் அளவு, கீழே ஓர் அளவாக நிற்கும். அதனால் திறக்குமுன் ரின்னை இருபது தரம் மெதுவாகத் தலைகீழாகத் திருப்ப வேண்டும் என்று விதி. நாங்கள் எட்டோ பத்தோ திருப்பிவிட்டு மணிக்கூட்டைப் பார்ப்போம். அக்கா இருபதும் திருப்புவார். வாய்விட்டுத் தமிழில் எண்ணுவார். "ஒண்டு, ரெண்டு, மூண்டு..." எங்கள் மேற்பார்வையாளர் நத்தலி கியூபெக்காரி. அவளே கேட்டுக் கேட்டுப் பழகி, அக்கா பத்தொன்பதுக்கு வரும்போது "இருவது!" என்று கத்திவிட்டுச் சிரிப்பாள்.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் போய்விட்டது. பால் பெட்டி, இருமல் பாணி, தேசிக்காய்ச் சாறு, எதைத் திறந்தாலும் இருபது. நான் ஒருநாள் அங்கே சாப்பிடப் போயிருந்தபோது மோர்ப் போத்தலைத் தலைகீழாக்கி எண்ணிக்கொண்டிருந்தார். ரவி அண்ணை மேசையில் பசியோடு இருந்தார்.

"அஜிதா பிள்ளை, உங்கட கொம்பனி என்ரை மனுசியை மெஷின் ஆக்கிப்போட்டுது" என்றார். "சோறு ஆறிப்போகும் ஞானம், பத்தோட நிப்பாட்டும்."

"பேசாம இருங்கோ, எண்ணிக்கை பிழைக்குது" என்றார் அக்கா. மூவரும் சிரித்தோம்.

சில நாள் பின்னேரம் அண்ணை ரக்சியோடு வந்து அக்காவை ஏற்றிப் போவார். எங்கள் இடத்தில் வாசலில் காவலாளி நிற்பான், வெளியே வருகிற எல்லோரும் பையைத் திறந்து காட்ட வேண்டும். அண்ணை காருக்குள் இருந்து அதைக் கண்ணாடிக் கதவினூடாகப் பார்த்துக்கொண்டிருப்பார். "சோடாவைக் களவெடுத்துக்கொண்டு போவினமாம்" என்று அக்கா அதற்கும் ஒரு சமாளிப்பு வைத்திருந்தார். அண்ணை ஒன்றும் கேட்டதில்லை.

போன வருடத்துக்கு முந்தைய இலையுதிர் காலத்தில் ஒரு பிரச்சினை வந்தது. ஆறு மாதம் அலுமாரியில் இருந்த தேசிக்காய்ப் பானம் ஒன்றைத் திரும்பச் சோதித்தோம். லேபிளில் பத்து மில்லிகிராம். மெஷின் ஏழு என்றது. திரும்பவும் செய்தோம், ஏழு. பானம் செய்த கொம்பனிக்காரன் தொலைபேசியில் குதித்தான், எங்கள் ஆளுக்கு வேலை தெரியாது என்றான். நத்தலியும் அக்காவைக் கூப்பிட்டு, எங்கேயோ சிந்திவிட்டீர்களோ என்று கேட்டாள். அக்காவின் முகம் கறுத்துப் போனது. மேசைக்குத் திரும்பி வந்து, ஊற்றி முடித்த வெறும் ரின்னைக் குப்பைக்குப் போடாமல் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அதற்குள், எண்ணெயைக் கரைக்கிற மெத்தனோலை விட்டு, பத்து நிமிடம் உருட்டி, அந்தக் கழுவலை மெஷினுக்குக் கொடுத்தார்.

மூன்று மில்லிகிராம் வந்தது.

"எங்கையும் போகேல்லை, அஜி!" ஓடிவந்து என் கையைப் பிடித்தார். "ரின்னின்ரை உள்பூச்சு இருக்கெல்லோ, அந்தச் சுவரில ஒட்டிக்கொண்டு நிண்டிருக்கு. குடிக்கிறவனுக்குக் கிடைக்காது. ஆனா முழுக்க உள்ளதான் இருந்திருக்கு."

நத்தலி எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டாள். அடுத்த நாள் கேக் வந்தது. ஐம்பத்தாறு வயதில் அந்த மனுசி சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான். ஆனால் அந்தச் சந்தோசத்தை வீட்டில் சொல்ல வழியில்லை. "இண்டைக்கு ஒரு சோடாவில சீனி குறைஞ்ச காரணத்தைக் கண்டுபிடிச்சன்" என்று சொன்னாராம். அண்ணை அவருடைய முகத்தைப் பார்த்து, "நீர் கெட்டிக்காரிதான் ஞானம்" என்றாராம்.

அந்த மாதமே அண்ணைக்கு வயிற்று நோ தொடங்கியது. ஸ்கான், திரும்ப ஸ்கான், கணையத்தில் புற்றுநோய், ஈரலுக்கும் போய்விட்டது. கத்தி வைக்க இடமில்லை என்றார்கள். ரக்சி பனிக்குள் நின்றபடி நின்றது.

நோவுக்கு மோர்பின் கொடுத்தார்கள், நோ கொஞ்சம் அடங்கியது. ஆனால் ஒரு வாய் சாப்பாடு உள்ளே நிற்கவில்லை. அக்கா அரை நாள் விடுப்பு எடுத்துக் கஞ்சி காய்ச்சுவார். இரண்டு கரண்டி போகும், மூன்றாவது கரண்டிக்கு எல்லாம் வெளியே வரும். நல்ல உடம்புள்ள மனிதர், மார்கழி முடிவதற்குள் கட்டிலோடு ஒட்டிப் போனார். அவருக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. ஒரு கோப்பை கஞ்சி குடித்து, சத்தி எடுக்காமல், ஓர் இரவு நித்திரை கொள்ள வேண்டும். அக்காவுக்கும் உலகத்தில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

மருத்துவர்தான் அந்தப் பேச்சை எடுத்தார். கொஞ்சம் கஞ்சாச் சத்து எடுத்துப் பாருங்கள், ஒங்காளம் குறையலாம், பசி வரலாம், மிகச் சின்ன அளவில் தொடங்கலாம் என்றார். அக்கா பக்கத்துக் கதிரையில் இருந்தார். அந்தச் சின்ன அளவு எவ்வளவு, எந்தப் பானத்தில் உண்மையாகவே அவ்வளவு இருக்கிறது, எதில் பொய், இந்த நகரத்தில் அவரைவிட நன்றாகத் தெரிந்த ஆள் இருக்க முடியாது.

"கஞ்சாவோ?" என்றார் அண்ணை. "என்ரை வீட்டுக்குள்ள அது வரக்கூடாது. நான் செத்தாலும் வரக்கூடாது."

இரண்டாம் தரம் மருத்துவர் கேட்டபோதும் அதே பதில். மூன்றாம் தரம் அக்காவே கெஞ்சிக் கேட்டார். அண்ணை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

அடுத்த நாள் வேலையில் அக்கா என்னிடம் வந்தார். "சொல்லட்டோ, அஜி? நான் செய்யிற வேலை இதுதான் எண்டு சொல்லட்டோ? நான் என்ரை கையால பாத்தது எண்டு சொன்னால் ஒருவேளை குடிப்பார்."

அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "ஐயோ அக்கா, அஞ்சு வருசம் ஏமாத்தினனான் எண்டு இப்ப போய்ச் சொல்லப் போறியளோ? சாகிற மனுசனுக்கு இன்னொரு கவலையோ?" என்றேன். இரண்டாவது புத்தியும் நான் சொன்னதுதான்.

தை மாதக் கடைசி வியாழக்கிழமை மதியம் அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு அரசாங்கக் கடைக்குப் போனார். தொப்பியைக் கண் வரை இழுத்து, சால்வையால் வாயை மூடியிருந்தார். வரிசையில் வேறு தமிழர் நின்றால் என்ன செய்வதென்று இருவரும் திரும்பித் திரும்பிப் பார்த்தோம். எங்கள் மேசைக்கு வந்து போகிற அதே தேசிக்காய்ப் பானம், இரண்டரை மில்லிகிராம் ரின், ஒன்று வாங்கினார். லேபிளைத் திருப்பிப் பார்த்தார். "போன மாசம் அடைச்சது. சுவரில ஒட்ட நேரமிருந்திராது" என்றார்.

பின்னேரம் நாலு மணிக்கு என் தொலைபேசி அடித்தது.

"ஊத்திப்போட்டன், அஜி."

"அண்ணைக்கோ?"

"இல்லை. தொட்டியில."

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "என்னக்கா, உங்களுக்கு என்ன விசரே?" என்று கத்தினேன்.

அக்கா அழுதுகொண்டு சொன்னார். குசினியில் வைத்து இருபது தரம் திருப்பி, திறந்து, அண்ணையின் வெள்ளி டம்ளரில் ஊற்றினாராம். தேசிக்காய்ச் சோடா என்று சொல்லிக் கொடுக்கத்தான் நினைத்தாராம். அறை வாசல் வரை போனவர் அப்படியே திரும்பிவிட்டாராம். "என்ன இருக்கெண்டு தெரியாமல் ஒருத்தரும் குடிக்கக்கூடாது எண்டுதானே நாங்கள் அங்கை நிக்கிறம்? ஊரானுக்கெல்லாம் லேபிள் சரியோ எண்டு பாத்துக் குடுக்கிறன். என்ரை மனுசனுக்கு நானே லேபிள் இல்லாமல் குடுக்கிறதே?"

நியாயம் அக்கா பக்கம்தான். எனக்குத் தெரியும். ஆனாலும் ஏசினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணை இரத்தமாகச் சத்தி எடுத்தார். அம்புலன்ஸ் வந்தது, பனி மூடிய அந்த வளைந்த படிக்கட்டில் அவரைக் கட்டி இறக்கினார்கள். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் போய்விட்டார். கடைசி மூன்று கிழமையில் அவர் முழுதாக ஒரு கோப்பை கஞ்சி குடித்ததில்லை.

ஒட்டாவாவில் இருந்து மகள் நிருஷா வந்து எல்லாம் பார்த்தாள். எட்டாம் நாள் சடங்கு முடிந்தது, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை வந்தது. ஐயர் போய், சனம் சாப்பிட்டுப் போன பிறகு, ஷெரோன் வந்தாள். அண்ணையை வீட்டுக்கு வந்து பார்த்த தாதி அவள், தமிழ்ப் பிள்ளை. குசினியில் நானும் அக்காவும் மட்டும்தான் நின்றோம்.

"அன்ரி, ஒண்டு சொல்லவேணும்" என்றாள். "அங்கிள் சொல்லக்கூடாதெண்டு சத்தியம் வாங்கினவர். ஆனா என்னால வைச்சுக்கொண்டு இருக்க முடியேல்லை."

அக்கா தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். "சொல்லும் பிள்ளை."

"நீங்கள் எங்கை வேலை செய்யிறியள் எண்டு அங்கிளுக்குத் தெரியும். முதல் மாசமே தெரியுமாம். எயார்போட்டில இருந்து அந்தக் கட்டடத்துக்கு எத்தினையோ பேரை ஏத்திக்கொண்டு போய் இறக்கினவராம். காருக்குள்ள இருந்து அவையள் கதைக்கிறதே அந்தக் கதைதானாம்."

அக்கா தண்ணீரை நிறுத்தவில்லை.

"அப்ப ஏன் அவர் அதைத் தொடமாட்டன் எண்டவர்?" என்று நான்தான் கேட்டேன்.

"வாசல்ல பை திறந்து பாக்கிறதைக் கண்டவரெல்லோ. வீட்டில அந்தச் சாமான் இருந்தால் அன்ரி அங்கையிருந்து எடுத்துக்கொண்டு வந்தவ எண்டுதான் சந்தேகப்படுவினமாம். ஐம்பது வயசில படிச்சு எடுத்த வேலை, என்னால போகக்கூடாது எண்டவர். கடையில வாங்கலாம், ஒரு பிரச்சினையும் வராது எண்டு நான் எவ்வளவோ சொன்னனான். கேக்கேல்லை. உங்களுக்குத் தெரியாமல் இருக்கட்டும் எண்டவர். அவ சோடாக் கொம்பனி எண்டு சொல்லிக்கொண்டு இருக்கிறா, வெக்கப்படுத்தக்கூடாது எண்டவர்."

ஷெரோன் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவளும் அதைத் தனியே சுமக்க முடியாமல்தான் வந்திருந்தாள்.

"கடைசியா வெள்ளிக்கிழமை நான் வந்தனான். அண்டைக்குச் சொன்னவர்: 'நேற்று ஞானம் ஒரு ரின் வாங்கிக்கொண்டு வந்தவ. குசினியில எண்ணினது கேட்டுது. இருபது. பேந்து ரின்னைத் திறந்த சத்தம். அவ்வளவு ஆசையாக் கொண்டு வந்ததை வேண்டாமெண்டு சொல்லுவனே? தலைகாணியை நிமித்தி எழும்பி இருந்தனான். சோடா எண்டு தந்தால் சோடா எண்டு குடிப்பம் எண்டு இருந்தனான். தொட்டியில ஊத்தின சத்தந்தான் கேட்டுது.' திங்கட்கிழமை வந்து உங்களிட்டைச் சொல்லுவம் எண்டு நினைச்சனான், அன்ரி. அதுக்குள்ள..."

அக்கா கையில் இருந்த டம்ளரைக் கழுவினார். கவிழ்த்து வைத்தார். திரும்ப எடுத்துக் கழுவினார். நான் போய்த் தண்ணீர்க் குழாயைப் பூட்டினேன். அப்போதுதான் அந்த மனுசி வாயைத் திறந்து, "எழும்பி இருந்தவராம், அஜி. எழும்பி இருந்தவராம்" என்று கத்தினார். முன்னறையில் இருந்து நிருஷா ஓடி வந்தாள். அன்றைக்கு முழுக்க அந்த ஒரு சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒரு ஏச்சுக்கூட விழவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

இந்த மாசியில் வருடம் முடிந்து ஆட்டைத் திவசம் வந்தது. வீடு நிறையச் சனம். படையலில் அண்ணைக்குப் பிடித்ததெல்லாம் வைத்தார்கள்: கத்தரிக்காய்ப் பொரியல், உழுந்து வடை, பால்ரொட்டி. எல்லாம் வைத்த பிறகு அக்கா பிரிட்ஜைத் திறந்து ஒரு ரின்னை எடுத்துக்கொண்டு வந்து, லேபிள் எல்லோருக்கும் தெரியும்படி வாழை இலைக்கு முன்னால் வைத்தார்.

"அதென்ன ஞானம், சோடாவோ?" என்று கேட்டார் அண்ணையின் ஒன்றுவிட்ட தமையன் சிவநேசம்.

"இல்லை அண்ணை. கஞ்சா கலந்தது. நான் வேலையில சோதிச்சுப் பாக்கிறது இதுதான். ஆறு வருசமா இதுதான் செய்யிறன். இவருக்குத் தெரியும்."

ஐயர் குத்துவிளக்கைப் பார்த்தார். அக்கா யாரையும் பார்க்கவில்லை. ரின்னைக் கையில் எடுத்து, மெதுவாகத் தலைகீழாகத் திருப்பி எண்ணத் தொடங்கினார். பத்தொன்பதோடு நின்றுவிட்டார். "இருபது" என்று நான் சொன்னேன். திறந்து, அதே வெள்ளி டம்ளரில் ஊற்றி, படத்துக்கு முன்னால் வைத்தார்.

பிறகு வெறும் ரின்னை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். நானும் பின்னால் போனேன். ரின்னுக்குள் கொஞ்சம் சுடுதண்ணீர் விட்டு, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டிக்கொண்டு நின்றார். "சுவரில நிண்டதும் அவருக்குப் போகட்டும்" என்றார். தண்ணீருக்கு அது வராது, மெத்தனோலுக்குத்தான் வரும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். பத்து நிமிடம் உருட்டினார். நான் பக்கத்தில் நின்றேன்.